முட்டைக்கு மாவுக்கட்டு

(பெரம்பலூர் பக்கம் ஒரு கிராமம். ரோட்டுல பாதி அகலத்துக்கு மக்காச்சோளம் காயுது. திண்ணையில மாமா, மடியில துண்டு சுத்துன ஒரு உருண்டை.)

மாமா: வா மாப்ள, மெதுவா உக்காரு, திண்ணை அதிர்ந்தா உள்ள இருக்க குட்டிக்கு ஆகாது.

மாப்ள: எந்த குட்டி மாமா?

மாமா: ஏரியில வண்டல் அள்ளுனப்ப கிடைச்சுது. டைனோசர் முட்டை. யார்ட்டயும் மூச்சு விடாத, நான் வாட்ஸ்அப்ல மட்டும்தான் போட்டிருக்கேன்.

மாப்ள: எந்த குரூப்ல?

மாமா: எல்லா குரூப்லயும்தான்.

மாப்ள: அய்யோ மாமா, 2020ல நம்ம குன்னத்துல இதே கூத்துதான, ஊரே டைனோசர் முட்டைன்னு கிளம்பி, கடைசில பாத்தா அம்மோனைட். நம்ம பக்கமெல்லாம் டைனோசர் காலத்துல கடலுக்கு அடியில கிடந்துச்சு, அதுல இருந்த பிராணி அது, கூடு நத்தை மாதிரி சுருண்டிருக்கும் ஆனா சொந்தம் கணவாய்க்கு, செத்து சேத்துல புதைஞ்சதும் சுத்தியிருக்க மண்ணு இறுகி இப்படி உருண்டையா ஆயிடும்.

மாமா: அப்ப ரெண்டு நாளா நான் துண்டு போத்தி தூங்க வச்சது கணவாயோட சித்தப்பாவையா? சரி, கறி அழுகிடும், எலும்பு மட்டும் எப்படிரா கல்லாகுது?

மாப்ள: செத்ததும் சீக்கிரமா மண்ணு மூடிரணும் மாமா, இல்லன்னா நாய் நரி விடாதுல்ல. அப்புறம் நிலத்தடி தண்ணி எலும்போட ஓட்டைக்குள்ள எல்லாம் ஊறி, அதுல கரைஞ்சிருக்க உப்பு உள்ளயே படிஞ்சு படிஞ்சு கெட்டியாகும். நம்ம போர் தண்ணி குடத்துல படியுதுல்ல, அதேதான். சாத்தனூர் கல்மரமும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

மாமா: அப்ப உங்க அத்தை வெந்நீர் வைக்கிற அண்டா இன்னும் நாலு வருசத்துல மியூசியத்துக்கு போயிடும். டைனோசர்ல எத்தனை வகையறா?

மாப்ள: பெரிய வகையறா ரெண்டு. 1887ல சீலின்னு ஒரு இங்கிலாந்துக்காரர் இடுப்பெலும்ப பாத்து பிரிச்சாரு. பல்லி இடுப்பு, பறவை இடுப்பு. மூணு கொம்பு வச்சதும் முதுகுல தகடு நட்டதும் பறவை இடுப்பு. நீளக் கழுத்துக்காரனும், ரெண்டு கால்ல ஓடி கறி திங்கிறவனும் பல்லி இடுப்பு.

மாமா: அப்ப கோழி குருவியெல்லாம் பறவை இடுப்புலேர்ந்து வந்துச்சாக்கும்.

மாப்ள: இல்ல மாமா, பல்லி இடுப்புலேர்ந்து. அந்த கறி திங்கிற கூட்டத்துலேர்ந்து.

மாமா: ஏன்டா, பொண்ணு வீட்டுப் பேரையும் மாப்ள வீட்டுப் பேரையும் மாத்தி பத்திரிகை அடிச்ச கதையால்ல இருக்கு! நம்ம ஊருல நெசமாவே டைனோசர் கிடைக்கலயா?

மாப்ள: கிடைச்சுதே, அரியலூர் பக்கம் கல்லமேட்டுல. 1980கள்ல ப்ருஹத்காயோசாரஸ்னு பேர் வச்சாங்க, பெரிய உடம்புக்காரன்னு அர்த்தம். முழங்காலுக்கு கீழ இருக்க எலும்பு மட்டும் 2 மீட்டர்னு எழுதியிருக்காங்க. முதல்ல அசைவ வகையறாவுல சேத்து, அப்புறம் இல்ல இல்ல இது நீளக் கழுத்து சைவம்னு மாத்துனாங்க.

மாமா: பந்தியில உக்காந்தப்புறம் எலைய மாத்துன மாதிரி. எங்க இருக்கு, ஞாயித்துக்கிழமை போவோம்.

மாப்ள: இல்ல மாமா. எலும்பு ரொம்ப நொறுங்கிப்போய் கிடந்துருக்கு. இந்த மாதிரி எலும்ப சாக்குத்துணி சுத்தி மாவுக்கட்டு போட்டுத்தான் எடுப்பாங்க...

மாமா: செத்து ஏழு கோடி வருசம் கழிச்சு மாவுக்கட்டா?

மாப்ள: ஆமா, அப்படியும் தேறல. மழையில ஊறி உதிர்ந்து போச்சு. இப்ப படமும் போட்டோவும்தான் மிச்சம். அதுலயும் சில பேரு அது எலும்பே இல்ல, கல்லான மரம்னு சந்தேகப்பட்டாங்க.

மாமா: ஏழு கோடி வருசம் மண்ணுக்குள்ள ஜம்முனு இருந்துட்டு, வெளிய வந்து நம்ம ஊரு மழைக்கு தாங்கலயா...

(டமடமன்னு இடி. நாலு சொட்டு விழுது. மாமா உருண்டைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு உள்ள ஓடுறார்.)

மாப்ள: மாமா அது கல்லு, மழை ஒன்னும் பண்ணாது!

மாமா: (உள்ளேருந்து) மாவு இருக்கா பாரு, கட்டு போடணும்!

அத்தை: (ரோட்டுலேர்ந்து) யோவ்... சோளம் நனையுதுய்யா!