பிரின்ஸ் குறைவாகப் பாடியிருக்க வேண்டுமா?

போன வாரம் நண்பர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தபோது பேச்சு அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் பக்கம் போனது. நண்பர் நிறைய இசை கேட்பவர், நல்ல ரசனை உள்ளவர். "ஆள் மேதைதான், மறுக்கலை. ஆனா உயிரோட இருந்தப்பவே 39 ஸ்டுடியோ ஆல்பம் எதுக்கு? பத்தோட நிறுத்தியிருந்தா இன்னும் பெரிய ஆளா இருந்திருப்பார்" என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு உறுத்திக்கொண்டே இருந்தது. பிரின்ஸிடம் அவருடைய இசை நிறுவனம் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்ததும் கிட்டத்தட்ட இதைத்தான். அதனால் என் பதிலைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பிரின்ஸ் ராஜர்ஸ் நெல்சன் 1958 ஜூன் 7 அன்று அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் பிறந்தார். பிரின்ஸ் என்பது பலர் நினைப்பது போல மேடைக்காக வைத்துக்கொண்ட பெயர் இல்லை. மேடைப்பெயர் அப்பாவுடையது. ஜான் நெல்சன் ஜாஸ் பியானோ கலைஞர், 'பிரின்ஸ் ராஜர்ஸ்' என்ற பெயரில் வாசித்தவர். அதையே மகனுக்கு வைத்துவிட்டார். அம்மா மேட்டி ஷா பாடகி. பெற்றோர் பிரிந்தபோது அப்பா வீட்டை விட்டுப் போனார், பியானோ வீட்டில் நின்றது. பையன் அதில் உட்கார்ந்து தானாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டான். சிறு வயதில் அவனுக்கு வலிப்பு நோய் வேறு இருந்தது. வீடு வீடாக மாறி மாறித் தங்கி, கடைசியில் நண்பன் ஆந்த்ரே வீட்டின் நிலவறையில் இடம் கிடைத்தது. அந்த வீட்டு அம்மா பெர்னடெட் ஆண்டர்சனுக்கு ஏற்கெனவே ஆறு பிள்ளைகள். ஏழாவதாக இந்தப் பையனையும் சேர்த்துக்கொண்டார். பிரின்ஸைப் பற்றி எங்கே படித்தாலும் அந்த அம்மாவின் பெயரை நான் தேடிப் பார்ப்பேன். பல இடங்களில் இருக்காது.

அந்த நிலவறையில்தான் இசைக்குழு உருவானது. மினியாபோலிஸ் அப்போது பெரும்பாலும் வெள்ளையர் வாழ்ந்த நகரம். வானொலியைத் திருப்பினால் ராக் இசைதான் அதிகம் கேட்கும். கறுப்பினப் பையன்கள் வீட்டில் ஜேம்ஸ் பிரவுனின் ஃபங்க் இசையையும் வெளியில் கிட்டார் ராக்கையும் கேட்டு வளர்ந்தார்கள். பிற்பாடு பிரின்ஸின் இசையில் இரண்டும் ஒட்டுத் தெரியாமல் கலந்திருப்பதற்கு இதுதான் காரணம்.

வார்னர் பிரதர்ஸ் இசை நிறுவனத்தோடு 1977-இல் ஒப்பந்தம் போட்டபோது அவருக்கு வயது 19. தன் ஆல்பத்தைத் தானே தயாரிப்பேன் என்று நின்றார். 1978-இல் வந்த முதல் ஆல்பத்தின் உறையில், 27 கருவிகளையும் அவரே வாசித்ததாக இருக்கும். அந்த ஆல்பம் பெரிதாக விற்கவில்லை. ஆனால் அவர் கடைசிவரை வேலை செய்த விதம் அதிலேயே தெரிந்துவிடுகிறது. டிரம்ஸ் அவர், பேஸ் அவர், கிட்டார் அவர், பின்னால் கேட்கும் கோரஸ் குரல்கள் எல்லாமும் அவர்.

ஃபங்க் இசையைக் கேட்டுப் பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலு எண்ணிக்கைத் தாளத்தில் முதல் அடியில் முழு பாரத்தையும் இறக்குவது ஜேம்ஸ் பிரவுன் காட்டிய வழி. மெட்டை விட அந்த அடிதான் முக்கியம். பேஸ் கிட்டார், டிரம்ஸ், ட்ரம்பெட் எல்லாம் அந்த அடியைச் சுற்றிக் கோத்து நிற்கும். பிரின்ஸ் என்ன செய்தார் என்றால், ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் இருக்க வேண்டிய இடத்தில் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியை வைத்தார். டிரம்ஸ் கலைஞரின் இடத்தில் லின் எல்எம்-1 என்ற டிரம் மெஷினை வைத்து, அதன் ஒலிகளின் சுருதியை ஏற்றி இறக்கி, வேறு யாரும் கேட்டிராத ஒரு தாள ஒலியைக் கொண்டுவந்தார். அப்புறம் 1984-இல் 'வென் டவ்ஸ் க்ரை' பாட்டில் பேஸையே எடுத்துவிட்டார். ஃபங்க் பாட்டில் பேஸை எடுப்பது வீட்டின் தூணை எடுப்பது மாதிரி. வீடு நின்றது. அந்த வருடம் அமெரிக்காவில் அதிகம் விற்ற சிங்கிள் அதுதான்.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். 1978-க்கும் 1988-க்கும் இடையில் தன் பெயரில் மட்டும் பத்து ஆல்பம் கொடுத்தார். இது போக, தி டைம் என்ற குழுவுக்குப் பாட்டு எழுதி, பெரும்பாலான கருவிகளைத் தானே வாசித்து, உறையில் ஜேமி ஸ்டார் என்ற கற்பனைப் பெயரைப் போட்டார். வேனிட்டி 6, ஷீலா ஈ, தி ஃபேமிலி, மேட்ஹவுஸ் என்று இன்னும் எத்தனையோ. அயர்லாந்துப் பாடகி ஷனேட் ஓ'கானர் 1990-இல் பாடி உலகமே கலங்கிய 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ' பிரின்ஸ் எழுதியது என்று இன்றும் பலருக்குத் தெரியாது. அதை அவர் 1985-இலேயே தி ஃபேமிலி குழுவின் ஆல்பத்தில் போட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 1986 ஏப்ரல். பாட்டுகளை வரிசைப்படுத்தும் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதல் இடத்தில் பிரின்ஸின் 'கிஸ்'. இரண்டாம் இடத்தில் பேங்கிள்ஸ் குழு பாடிய 'மேனிக் மண்டே'. அதை எழுதியவர் என்று 'கிறிஸ்டோஃபர்' என்ற பெயர் இருந்தது. அதுவும் பிரின்ஸ்தான். 'கிஸ்' பாட்டின் கதை இன்னும் சுவை. கிட்டாரோடு பாடிய சின்னப் பதிவு ஒன்றை மசராட்டி என்ற குழுவுக்குக் கொடுத்தார். அவர்களும் தயாரிப்பாளர் டேவிட் இசட்டும் ராத்திரியோடு ராத்திரியாக அதை வேறு மாதிரி ஆக்கி வைத்தார்கள். காலையில் கேட்ட பிரின்ஸ் பாட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பேஸை எடுத்தார், கிட்டார் சேர்த்தார், உச்சஸ்தாயியில் தானே பாடினார். நிறுவனத்துக்கு முதலில் அது பிடிக்கவே இல்லை.

நண்பர் கவனிக்க வேண்டியது இங்கேதான். இவ்வளவு அள்ளி அள்ளிச் செய்யாமல் இருந்தால் 'கிஸ்' என்ற பாட்டே இருந்திருக்காது. அது யாருக்கோ கொடுத்த உபரி. பத்துப் பாட்டை மட்டும் பொத்திப் பொத்திச் செய்கிறவர் உபரியை எப்படிக் கொடுப்பார்? கிணற்றில் இறைக்க இறைக்கத்தான் ஊறும்.

சூசன் ராஜர்ஸ் 1983-இல் அவருடைய ஒலிப்பதிவுக்காரராக மினியாபோலிஸ் வந்தவர். பின்னாளில் பெர்க்லி இசைக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அவர் பேட்டிகளில் சொல்லும் நாட்களைக் கேட்டால் அசந்துபோவோம். பகலில் ஒத்திகை, மாலையில் கச்சேரி, கச்சேரி முடிந்ததும் ஸ்டுடியோ. ஒரு பாட்டை ஆரம்பித்தால் அது முடியும்வரை யாரும் நகர முடியாது. அங்கங்கே சிதறிக் கிடந்த டேப்புகளைத் தேடிச் சேர்த்து ஒரே இடத்தில் அடுக்க ஆரம்பித்தவரும் அவர்தான். வெளிவராத பதிவுகள் நிறைந்தது என்று பின்னால் எல்லோரும் பேசிய பெட்டகம் அப்படித்தான் பிறந்தது.

நிறுவனத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. 'பர்ப்பிள் ரெயின்' ஆல்பம் 1984-இல் தொடங்கி, தொடர்ந்து 24 வாரம் முதல் இடத்தில் இருந்தது. அதே பெயரில் வந்த படத்தின் பாட்டுகளுக்கு ஆஸ்கரும் வந்தது. வேறு யாராக இருந்தாலும் இரண்டு மூன்று வருடம் அதை வைத்தே ஓட்டியிருப்பார்கள். இவர் பத்து மாதத்தில் அடுத்த ஆல்பத்தை, அதுவும் முற்றிலும் வேறு ஒலியில், கொண்டுவந்து வைத்தார். விற்கிறவர்களுக்குத் தலை சுற்றத்தானே செய்யும்? 1986-இல் அவர் மூன்று இசைத்தட்டு கொண்ட ஒரு தொகுப்பைக் கொடுத்தபோது, இரண்டாகக் குறைக்கச் சொன்னார்கள். குறைத்ததில் கிடைத்ததுதான் 1987-இல் வந்த 'சைன் ஓ த டைம்ஸ்'. என் கணக்கில் அவருடைய ஆகச் சிறந்த ஆல்பம் அது. அந்த ஒரு தடவை நிறுவனம் சொன்னது பலித்தது என்றுகூட ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குள் இருப்பது என்ன? கைவிடப்பட்ட மூன்று ஆல்பங்களின் பாட்டுகள். குவியல் இருந்ததால்தான் பொறுக்க முடிந்தது.

1993 ஜூன் 7, அவருடைய 35-ஆவது பிறந்தநாள். தன் பெயரை உச்சரிக்க முடியாத ஒரு குறியீடாக மாற்றிக்கொண்டார். ஆண், பெண் குறிகளைச் சேர்த்து வரைந்த ஒரு வடிவம். அச்சிட எழுத்து இல்லாததால், பத்திரிகைகளுக்கு அந்தக் குறியீட்டை ஃப்ளாப்பியில் போட்டு அனுப்பினார்கள். அப்புறம் கன்னத்தில் 'ஸ்லேவ்', அதாவது அடிமை, என்று எழுதிக்கொண்டு மேடை ஏறினார். உலகம் சிரித்தது. கோடிக்கணக்கில் ஒப்பந்தம் போட்டவர் அடிமையா என்று கேட்டார்கள். மூளை குழம்பிவிட்டது என்றும் எழுதினார்கள்.

அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வரும். அவர் வார்னர் நிறுவனத்திடம் கேட்டது மிகவும் எளிமையான கேள்வி. என் கையால் வாசித்து, என் தொண்டையால் பாடி, நானே பதிவு செய்த பாட்டின் மூலப் பதிவு ஏன் எனக்குச் சொந்தமில்லை? அதை எப்போது வெளியிடுவது என்று ஏன் நான் முடிவு செய்யக்கூடாது? ஆங்கிலத்தில் 'மாஸ்டர்' என்ற ஒரே சொல் மூலப் பதிவையும் குறிக்கும், எஜமானையும் குறிக்கும். மாஸ்டர் உனக்குச் சொந்தமில்லை என்றால் நீ மாஸ்டருக்குச் சொந்தம் என்று 1996-இல் அவர் சொன்னது அந்த இரண்டு அர்த்தத்தையும் வைத்துத்தான். ஒரு கறுப்பின அமெரிக்கர் கன்னத்தில் அந்தச் சொல்லை எழுதிக்கொள்கிறார் என்றால் விளையாட்டுக்கு எழுதியிருக்க மாட்டார். இன்று பெரிய பெரிய பாடகர்கள் தங்கள் மாஸ்டர் உரிமைக்காக வெளிப்படையாகப் பேசுகிறார்கள், ரசிகர்களும் கூட நிற்கிறார்கள். அன்று அவர் தனியாக நின்றார்.

அந்த ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்த 1996 நவம்பரில் வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் 'இமான்சிபேஷன்', விடுதலை. மூன்று வட்டு, ஒவ்வொன்றும் சரியாக 60 நிமிடம், மொத்தம் 36 பாட்டு. அதில் ஒரு பாட்டின் தாளத்துக்கு அடியில், மனைவி மெய்ட்டேயின் வயிற்றில் இருந்த குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவு செய்து சேர்த்திருந்தார். குழந்தை அக்டோபரில் பிறந்தது. அரிய மரபணுக் கோளாறு. சுமார் ஒரு வாரம்தான் இருந்தது. ஆல்பம் கடைக்கு வந்தபோது அந்தத் துடிப்பு அதில் கேட்டுக்கொண்டிருந்தது. என்னால் அந்தப் பாட்டை முழுதாகக் கேட்க முடிந்ததில்லை.

அடுத்த வருடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இணையம் வழியே நேரடியாக ரசிகர்களுக்கு விற்றார், 2001-லேயே சந்தா கட்டிப் பாட்டு வாங்கும் சங்கம் நடத்தினார், 2000-இல் பழைய பெயருக்குத் திரும்பினார். 2007-இல் லண்டன் ஓ2 அரங்கில் 21 இரவு கச்சேரி. அதே வருடம் மயாமியில் சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளையில் கொட்டும் மழையில் கிட்டார் வாசித்ததை யூடியூபில் பாருங்கள், நான் விவரிப்பதை விட அது நல்லது. 2014-இல் வார்னரோடு புது ஒப்பந்தம், பழைய மாஸ்டர்களின் உரிமை அவர் கைக்கு வந்தது. 20 வருடப் போராட்டம்.

அதற்குப் பிறகு இரண்டே வருடம். 2016 ஏப்ரல் 14 அன்று அட்லாண்டாவில் ஒரு பியானோவும் ஒரு மைக்கும் மட்டும் வைத்துப் பாடினார். ஏப்ரல் 21 அன்று தன் பெய்ஸ்லி பார்க் ஸ்டுடியோவின் லிஃப்டில் இறந்து கிடந்தார். வயது 57. காரணம் ஃபென்டனில் என்ற மிகக் கடுமையான வலி மருந்து. உயரமான குதிகால் செருப்போடு மேடையில் குதித்துக் குதித்து வந்த வலிக்கு மாத்திரை எடுத்து வந்தவர். சாதாரண வலி மாத்திரை போல இருந்த போலி மாத்திரைகளில் அந்த விஷம் இருந்தது என்று அரசு வழக்கறிஞர் 2018-இல் சொன்னார். யார் கொடுத்தது என்று நிரூபிக்க முடியவில்லை, யார் மீதும் குற்ற வழக்கு இல்லை.

உயில் எழுதவில்லை. ஒவ்வொரு டேப்புக்கும் உரிமை கேட்டுப் போராடிய மனிதர், அது யாருக்குப் போக வேண்டும் என்று ஒரு வரி எழுதி வைக்கவில்லை. இதற்கு எனக்கு விளக்கம் இல்லை, வருத்தம்தான் இருக்கிறது. சொத்து 2022 வரை நீதிமன்றத்தில் கிடந்தது. பெட்டகத்தில் இருந்தவை லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கொண்டுபோகப்பட்டன. அவர் வெளியிட வேண்டாம் என்று வைத்தவையும், நேரம் வரட்டும் என்று வைத்தவையும் இப்போது ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. வெளியிடுவது சரியா என்று ரசிகர்களுக்குள் பெரிய சண்டையே நடக்கிறது. என் கருத்து: வெளியிடட்டும், ஆனால் பதிவான தேதியோடு, இருக்கிறபடியே வெளியிடட்டும். புதிதாக ஒரு தாளம்கூடச் சேர்க்கக் கூடாது. அவர் நிறுத்திய இடத்தில் பாட்டு நிற்க வேண்டும்.

அப்படி வந்த ஒன்றை இந்தப் பதிவை எழுதும்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 1983-இல் அவர் வீட்டு ஸ்டுடியோவில் தனியாகப் பியானோ வாசித்த ஒரு கேசட், 2018-இல் வெளியானது. 35 நிமிடம். ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு நிறுத்தாமல் போகிறார். நடுவில் 'பர்ப்பிள் ரெயின்' வருகிறது. உலகம் இன்னும் கேட்டிராத பாட்டு, படம் இல்லை, ஆஸ்கர் இல்லை. ஒன்றரை நிமிடம்தான் வாசிக்கிறார். அப்புறம் அதை விட்டுவிட்டு, கனடியப் பாடகி ஜோனி மிட்செல் பாட்டு ஒன்றுக்குப் போய்விடுகிறார். நண்பரே, உங்களுக்கு அதன் இணைப்பை அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், எதை நிறுத்தச் சொல்லியிருப்பீர்கள்?