ஜெட் விமானிகள் டிப்ஸில் கொழிக்கிறார்களா?

"தனியார் ஜெட் விமானிகளுக்குச் சம்பளத்தைவிட டிப்ஸ் அதிகம், குடும்பத்துக்குப் பணக்கவலையே இல்லை" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

டிப்ஸ் பயணியின் விருப்பம், கட்டாயமில்லை. பல பயணங்களில் கிடைப்பதே இல்லை. முதலாளியின் சொந்த ஜெட்டில் மாதச் சம்பளத்துக்கு ஓட்டுபவருக்கு அந்தப் பேச்சே பெரும்பாலும் எழாது.

பெரிய ஜெட்டின் அனுபவமுள்ள கேப்டனுக்கு நல்ல சம்பளம்தான். சிரமப்படுவது புதியவர்கள். அமெரிக்காவில் வணிக விமானி உரிமத்துக்குப் பொதுவாக 250 மணி நேரம் பறந்தால் போதும். ஏர்லைனில் துணை விமானியாகவே, 2013 முதல், பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். அந்த மணிக்கணக்கைச் சேர்க்கப் பலர் சிறு வாடகை விமான நிறுவனங்களில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்கிறார்கள். பயிற்சிக் கடன் வேறு. அப்புறம், பலருக்கு எந்நேரமும் அழைப்பு வரலாம் என்பதால் வீட்டில் எதையும் திட்டமிடுவது கஷ்டம். இதையெல்லாம் மறைத்துவிட்டு "கொழிக்கிறார்கள்" என்பது அநியாயம்.