உங்கள் ஊர்க்கதையைப் பாரிக்கு அனுப்புங்கள்

முகநூலில் ஊர்க்கதை எழுதும் தம்பி, தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் எழுதியதில் ஆக நல்லதை எடுத்து, சரிபார்த்து, பாரிக்கு அனுப்புங்கள். பீப்பிள்ஸ் ஆர்க்கைவ் ஆஃப் ரூரல் இந்தியா என்பதைத்தான் சுருக்கிப் பாரி என்கிறோம். கிராமத்து மக்களின் வாழ்க்கையை எழுத்திலும் படத்திலும் ஆவணமாக்கும் இணையதளம் அது. பத்திரிகையாளர் பி.சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கியது. கவுன்ட்டர்மீடியா டிரஸ்ட் என்ற அறக்கட்டளை நடத்துகிறது. விளம்பரம் கிடையாது, படிக்கக் காசும் கிடையாது.

இங்கே ஒரு பதிவு போட்டால் இரண்டு நாள் ஓடும். அப்புறம் எழுதியவரே தேடினாலும் கையில் சிக்காது. பாரியில் வந்தால் அது ஆவணமாக நிற்கும். தமிழில் மட்டுமல்ல, மராத்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் மொழிபெயர்த்துப் போடுகிறார்கள். 2011 கணக்கெடுப்புப்படி இந்தியக் கிராமங்களில் இருப்பவர்கள் 83 கோடிப் பேர். அவர்கள் படும் பாட்டைச் சொல்ல நம் நாளிதழ்களில் எத்தனை பத்தி ஒதுக்குகிறார்கள் என்று பாருங்கள், நான் ஏன் இவ்வளவு கெஞ்சுகிறேன் என்று புரியும்.

"நான் பத்திரிகையாளர் இல்லையே" என்று பலர் தயங்குகிறார்கள். மதுரைப் பக்கம் ஜவஹர்லால்புரத்தில் மீன் விற்கும் அம்மாவுக்குப் பிறந்தவர் எம்.பழனிகுமார். தன்னைச் சுற்றியிருந்த உழைப்பாளிகளைப் படமெடுத்தவர், பாரியின் புகைப்படக் கலைஞரானார். 2022இல் தயாநிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலாக அவருக்குத்தான் போனது. அந்தத் தெருவும் அந்த மனிதர்களும் அவருக்குப் பழக்கம். வெளியிலிருந்து கேமராவோடு வந்து இறங்குகிறவருக்கு அது வாய்க்காது.

ஆனால் முகநூல் நடையை அப்படியே தூக்கி அனுப்பாதீர்கள். சாயல்குடிப் பக்கத்துப் பனையேறி ஒருவரைப் பற்றி ஒரு தம்பி எழுதிக் கொண்டுவந்தார். மனசு நிறைந்த எழுத்து. வறுமை, சுரண்டல், அழியும் மரபு எல்லாம் இருந்தது. அந்த மனிதர் ஒரு நாளைக்கு எத்தனை மரம் ஏறுகிறார் என்பது இல்லை. மரம் யாருடையது, குத்தகை எவ்வளவு, கருப்பட்டி கிலோ என்ன விலைக்குப் போகிறது, வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறாரா, எதுவுமே இல்லை. "இதையெல்லாம் கேட்டுட்டு வாப்பா" என்றேன். போனார்.

திரும்பி வந்த கட்டுரையில் அந்தப் பனையேறி உயிரோடு இருந்தார். காலையும் மாலையும் அதே மரங்களில் ஏறி இறங்குகிறார். பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவிவிட்டு, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுகிறார். சுண்ணாம்பு இல்லாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். கீழே அவர் மனைவி பதநீரைக் காய்ச்சுகிறார். அடுப்பை விட்டு நகர முடியாது, பதம் தப்பினால் அன்றைய உழைப்பு மொத்தமும் போச்சு. முதல் கட்டுரையில் அந்த அம்மா ஒரு வரியில்கூட இல்லை! கூலியில்லாத அந்த வேலையைக் கணக்கில் சேர்க்காமல் கருப்பட்டி விலையைப் பற்றி என்ன பேசுவது?

இந்த மாதிரிப் பத்திரிகைகளின் ஆசிரியர் குழு இப்படித்தான் துருவித் துருவிக் கேட்கும். கோபப்படாதீர்கள். நாம் யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவருக்குச் செய்யும் மரியாதை அது. அந்த மனிதரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: எங்கே வரப்போகிறது, பெயரும் படமும் போடலாமா என்று. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கடன் கொடுத்தவர் அதே ஊரில் இருக்கிறார், வம்பு நமக்கு வராது, அவருக்குத்தான் வரும்.

படத்தோடு அனுப்புங்கள். யார், எந்த ஊர், என்ன வேலை என்று ஒவ்வொரு படத்துக்கும் எழுதி வையுங்கள். முதலில் நாலு வரியில் எதைப் பற்றி எழுதப்போகிறீர்கள் என்று கேட்டுப் பார்ப்பதும் நல்லது, பாதி அலைச்சல் மிச்சம். பதில் வரக் கொஞ்சம் தாமதமானாலும் சோர்ந்து அதை இங்கே போட்டுவிடாதீர்கள்.

அனுப்பும் முன் யாராவது படித்துப் பார்த்தால் தேவலை என்று தோன்றினால், என் உள்பெட்டிக்கு அனுப்புங்கள். உப்பளம், தறி, செங்கல் சூளை, எதுவானாலும் சரி. உட்கார்ந்து படிக்கிறேன்.