ஒரு பழைய பஸ்ஸையாவது விட்டு வையுங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பர்மாப் பெட்டி கிடைக்கும், ஸ்வீடன் எனாமல் தூக்கு கிடைக்கும். ஒரு பழைய பஸ்ஸைப் பார்க்கவேண்டும் என்றால் செட்டிநாடு முழுக்கத் தேடினாலும் வழியில்லை. வீட்டுக்கு மட்டும்தான் பாரம்பரியமா?

டி.வி.எஸ். நிறுவனர் டி.வி. சுந்தரம் அய்யங்கார் பஸ் விட ஆரம்பித்தது 1912. மானாமதுரை ரயில் காரைக்குடிக்கு வந்தது 1930-இல்தான். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோதும் பஸ் நிற்கவில்லை, மரக்கரியில் ஓட்டினார்கள். வண்டியில் உருளையாக ஒரு அடுப்பு. கரியைக் கொட்டி, கிளீனர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஊதவேண்டும். கரி அரைகுறையாக எரிந்து வரும் கார்பன் மோனாக்சைடுதான் எரிபொருள். பெட்ரோலின் இழுவை அதற்கு ஏது? மேட்டில் வண்டி திணறும்.

1972-இல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம், அப்புறம் எண்பதுகளில் நம் காரைக்குடியிலேயே மருது பாண்டியர். சாதிக் கலவரத்தால் 1997-இல் கழகங்களுக்கு வைத்த எல்லாப் பெயர்களையும் எடுத்தார்கள். எடுத்தது சரி. ஒரு போர்டையாவது எடுத்து வைத்திருக்கலாம்.

செட்டிநாட்டின் இந்தப் பெரிய வீடுகள் பாதியாவது நிற்பதற்கு ராத்திரி பஸ்ஸும் ஒரு காரணம் என்பேன். பிழைப்பு மெட்ராஸில், முன்னோருக்குப் படைக்கும் படைப்பும் கல்யாணமும் ஊரில். பாரிமுனையில் திருவள்ளுவர் போக்குவரத்துக் கழக பஸ்ஸில் ஏறினால் விடிந்ததும் ஊர். ரயிலும் இருந்தது, ஆனால் அண்டா குண்டானோடு வாசல் பக்கம் வரை வந்து இறக்கியது பஸ்தான். பின்பக்க ஏணியில் ஏறி, கயிற்றை அவிழ்த்து, ஒவ்வொன்றாகக் கீழே கொடுப்பார்கள். கடைசித் தூக்கு கைக்கு வரும்வரை ஆச்சிகள் கண்டக்டரை விசில் ஊத விடமாட்டார்கள்.

சொகுசு என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். முன்னால் இன்ஜின் அனல், பின்னால் இடுப்பு ஒடியும், நடுச்சாமத்தில் மோட்டல் பையன்கள் தகரத்தைத் தட்டி எழுப்புவார்கள்.

2023 ஏப்ரலிலிருந்து 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிக்க முடியாது. கழித்த பஸ் எடைக்குப் போகிறது. அதில் ஒன்றை, கிடைத்தால் ஏணி வைத்ததை, குறள் பலகையோடு, ரூட் போர்டோடு காரைக்குடியில் ஒரு ஷெட்டில் நிறுத்தலாம். இரும்பு விலைதான் நஷ்டம். பராமரிக்க ஆள் ஏது என்பார்கள். ஓய்வு பெற்ற டிப்போ மெக்கானிக்குகளைக் கூப்பிட்டுப் பாருங்கள், சம்பளம்கூடக் கேட்கமாட்டார்கள்.