இவ்வளவுதானா?

(ஸ்ரீரங்கப்பட்டணம், தரியா தௌலத் பாக். சுற்றுலா வேன் அரை மணி நேரம்தான் நிற்கும். காஞ்சிபுரத்துத் தம்பதி தோட்டத்துப் பாதையில் நடந்து வருகிறார்கள்.)

கணவர்: பச்சைத் திரை கட்டியிருக்கே, ரிப்பேர் வேலை போல. திரும்பிடலாமா?

மனைவி: அதுதாங்க அரண்மனை. சுவரில் இருக்கிற ஓவியம் வெயிலில் கெடக் கூடாதுன்னு திரை.

கணவர்: இதுவா? நம்ம ஊர்க் கல்யாண மண்டபம் இதைவிடப் பெரிசு.

மனைவி: 1784இல் திப்பு கட்டின கோடை மாளிகைங்க. பாதிக்கு மேல் தேக்கு.

கணவர்: மண்டபத்தில் ஏசி இருக்கு. சரி, சிம்மாசனம் எங்கே?

மனைவி: 1799இல் வெள்ளைக்காரன் உடைச்சுப் பங்கு போட்டுக்கிட்டான். அதிலிருந்த புலித்தலை விண்ட்சர் கோட்டையில் இருக்கு.

கணவர்: அப்போ சிம்மாசனமும் இல்லை. மைசூரில் எவ்வளவு பல்பு போட்டிருந்தான்!

மனைவி: அந்த அரண்மனை கட்டி முடிச்சதே 1912இல். அதுக்குள்ளே பல்பு வந்தாச்சு.

கணவர்: இருந்தாலும் ராஜா இருக்கிற இடமா இது?

மனைவி: திப்பு போனப்புறம் வெள்ளைக்காரத் தளபதி வெல்லெஸ்லி இங்கேதான் தங்கினார். பின்னாடி வாட்டர்லூவில் நெப்போலியனையே ஜெயிச்சவர். அவருக்குப் போதுமா இருந்தது, உங்களுக்குப் பத்தலை.

கணவர்: மண்டபத்தில் ரூம் மட்டும் பதினெட்டு...

மனைவி: மண்டபத்தை விடுங்க. இந்த மேற்குச் சுவரைப் பாருங்க. பல்லக்கில் ஒருத்தர் விரலைக் கடிச்சுக்கிட்டு இருக்காரே, வெள்ளைக்காரப் படையோட கர்னல் பெய்லி.

கணவர்: ஏன் கடிக்கிறார்?

மனைவி: வெடிமருந்து வண்டி வெடிக்குது. சுத்தி ஹைதர் அலி படை, திப்பு படை. நீங்களா இருந்தா கையையே தின்னிருப்பீங்க.

கணவர்: கர்நாடகச் சண்டை, நமக்கென்ன?

மனைவி: 1780 செப்டம்பர் 10, புள்ளலூர்ச் சண்டை. நம்ம காஞ்சிபுரத்துப் பக்கத்துப் புள்ளலூர்!

கணவர்: அங்கேயா? அங்கே ஒண்ணுமே இல்லையே.

மனைவி: வண்டியை விட்டு இறங்காமலே சொன்னீங்க. உங்களுக்கெல்லாம் நடந்து நடந்து கால் வலிச்சால்தான் அரண்மனை. எவன் எவ்வளவு பெரிசாக் கட்டினான்னு அளந்துதான் மரியாதையே. அந்தப் பெய்லியோட விரல் நகம் வரைக்கும் ஒருத்தன் உட்கார்ந்து வரைஞ்சிருக்கான், அதைப் பார்க்க ஒரு நிமிஷம் கிடையாது.

(வேன் ஹாரன் அடிக்கிறது.)

கணவர்: சரி சரி, பார்த்தாச்சு. அடுத்து என்ன?

மனைவி: கும்பஸ். திப்புவோட சமாதி.

கணவர்: அது பெரிசா?