இரண்டு கேபி சாம்ராஜ்யம்

400 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒருவன் எனக்கு ஷார்ட்கட்டை விற்றிருக்கிறான். நான் கேட்டது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற பழைய போர் கேம். அவன் கொடுத்தது கேம் கிடையாது, கேமின் ஷார்ட்கட். டெஸ்க்டாப்பில் குட்டி அம்புக்குறியோடு உட்கார்ந்திருக்குமே, அதேதான். அளவு இரண்டு கேபி. 1999-இல் அந்த கேம் வந்தபோது அதற்கு ஒரு சிடி தேவைப்பட்டது. மறு வருடம் கான்கரர்ஸ் விரிவாக்கத்துக்கு இன்னொரு சிடி. இரண்டும் சேர்த்து 18 நாகரிகங்கள், பாரசீக யானைப்படை, பீரங்கிக் கப்பல், மதம் மாற்றும் துறவி, ஆட்டுக்குட்டி எல்லாம் உண்டு. அத்தனையையும் ஊட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கடைப் பையன் இரண்டு கேபிக்குள் அடக்கிவிட்டான். ஜிப் ஃபைல் கண்டுபிடித்தவர் பார்த்திருந்தால் தொழிலை விட்டிருப்பார்.

"வாங்கும்போதே ஓட்டிப் பார்த்திருக்கலாமே" என்று கிளம்புகிறவர்கள் தயவுசெய்து உட்காருங்கள். ஓட்டித்தான் பார்த்தேன். கடையிலேயே, அவன் கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் செருகி, அவனே கிளிக் செய்தான். கேம் திறந்தது. ஆரம்ப இசை வந்தது. எனக்குப் புல்லரித்தது. ஓடாமல் என்ன செய்யும்? ஷார்ட்கட் கைகாட்டுகிற கேம் முழுசாக அவன் ஹார்ட் டிஸ்கில் அல்லவா படுத்திருக்கிறது! கல்யாணத்துக்குப் போனவனுக்குச் சாப்பாடு போடாமல், பந்தி நடக்கும் மண்டபத்துக்கு வழி எழுதிய துண்டுச்சீட்டைப் பார்சல் கட்டிக் கொடுத்த கதை.

சரி, பையன் தெரியாமல் செய்திருப்பான் என்று போன் செய்தேன். நடந்ததை அப்படியே தருகிறேன். நான் மட்டும் ஏன் அனுபவிக்க வேண்டும்?

"தம்பி, பென் டிரைவ்ல கேம் இல்லப்பா. ஷார்ட்கட் மட்டும்தான் இருக்கு."

"இல்லீங்ணா, இங்க ஓடுச்சுங்களே. நீங்களும்தானே பாத்தீங்க?"

"அங்க ஓடும்ப்பா. உன் சிஸ்டத்துல கேம் இருக்கு."

"அப்ப கேம் இருக்குன்னு நீங்களே சொல்றீங்க."

"உன் சிஸ்டத்துல இருக்கு. என் சிஸ்டத்துல இல்ல."

"அப்ப உங்க சிஸ்டத்துலதாங்ணா பிரச்சினை."

இந்த இடத்தில் போனைக் காதிலிருந்து எடுத்து, அதன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி வைத்தேன்.

"ஐகான்ல கீழ அம்புக்குறி தெரியுதுங்களாண்ணா?"

"தெரியுது."

"அது இருந்தா ஒரிஜினல்ங்ணா. டூப்ளிகேட்ல அது வராது."

"தம்பி, மொத்தமே ரெண்டு கேபிதான் இருக்கு."

"ரெண்டு ஜிபிங்களா? கரெக்ட்தாங்ணா."

"ஜிபி இல்லப்பா, கேபி. கே. கோத்தகிரிக்குப் போடற கே."

"கோத்தகிரிங்களா? அங்கதாங்ணா எங்க அத்தை வீடு."

அத்தை வீட்டில் எல்லோரும் சௌக்கியம். மாமாவுக்கு மூட்டுவலி. இதெல்லாம் என் பேலன்ஸில் தெரிந்துகொண்ட தகவல்கள். கடைசியில் ஆன்டிவைரஸ் தின்றிருக்கும் என்று முடிவுக்கு வந்தான். சிபியுவைத் தூக்கிக்கொண்டு ஊட்டிக்கு வந்தால் 600 ரூபாய்க்கு ஃபார்மட் அடித்துத் தருவானாம். எனக்குக் குரல் கம்மிவிட்டது. "ஃபார்மட் வேண்டாம்ப்பா. அந்த ஃபோல்டரை முழுசா காப்பி பண்ணிக் குடு, போதும்" என்றேன்.

"முழுசாவாங்ணா?" பெருமூச்சு. "அதுக்கு ரேட் வேறங்ணா."

இரண்டு கேபிக்கு 400. இந்தக் கணக்கில் முழு கேமுக்கு நான் ஒரு தேயிலைத் தோட்டத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். என்னிடம் தோட்டம் இல்லை. இருந்தாலும் பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலையில் ஒரு குதிரை வீரன்கூட வராது.

அடுத்து அறிவாளிகள் வருவார்கள். "இதுக்கு ஏன் அலையறே, 2019-லயே டெஃபினிடிவ் எடிஷன்னு அதோட புதுப் பதிப்பு வந்தாச்சே, ஸ்டீம்னு ஆன்லைன் கேம் கடை இருக்கே, அதுல வாங்கிக்கோ." வாங்கியாயிற்று ஐயா. நல்ல பதிப்புதான், குறை சொல்லவில்லை. 2022-இல் வந்த இந்திய வம்சங்கள் தொகுப்பில் திராவிடர்கள் என்று ஒரு நாகரிகமே இருக்கிறது. சுருள்வாள் சுழற்றும் வீரர்கள் உண்டு, ராஜேந்திர சோழனுக்குத் தனிக் கதை உண்டு, விறகு வெட்டப் போகச் சொன்னால் ஆட்கள் தமிழில் பதில் சொல்வார்கள். ஆனால் அதற்கு 30 ஜிபிக்குக் குறையாமல் இடம் வேண்டும், ஓரளவு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். என் வீட்டிலும் சித்தப்பா வீட்டிலும் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஜிஎஸ்டிக்கு முந்தைய காலத்தவை. வேலை சொன்னால் தமிழில் முணுமுணுக்கும் ஆட்களை நான் மார்க்கெட்டில் இலவசமாகவே பார்த்துக்கொள்வேன்.

அதைவிடப் பெரிய சிக்கல், அதில் பல பேர் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயர் பக்கம் போகவே இணையம் வேண்டும். ஒரே மேஜையில் முழங்கை இடிக்க உட்கார்ந்திருக்கும் நாலு பேரும் முதலில் எங்கேயோ இருக்கும் சர்வரிடம் ஆஜர் கொடுத்துவிட்டுத்தான் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ள முடியும். சொந்தக்காரர்கள் நாங்கள் நாலு பேர் ஆடக் கூடுவதோ தீபாவளிக்கு. தீபாவளிக்குக் கோத்தகிரியில் என்ன நடக்கும்? வடகிழக்குப் பருவமழை நடக்கும். மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் சாயும், மண் சரியும், கரண்ட் போகும். கரண்ட் திரும்பி வந்தாலும் இன்டர்நெட் வராது. கேபிள் கம்பெனிக்கு போன் செய்தால் "ஃபைபர் கட் சார், ஆள் போயிருக்காங்க" என்பார்கள். அந்த ஆள் எப்போதும் போயிருக்கிறார். இதுவரை எங்கேயும் போய்ச் சேர்ந்ததாகத் தகவல் இல்லை. இந்த கேமில் அரட்டைப் பெட்டியில் 13 என்று அடித்தால் "ஆமாமா, இன்டர்நெட் கம்பெனி மேல பழியைப் போடு" என்கிற மாதிரி ஒரு குரல் நக்கலடிக்கும். 1999-இல் பதிவு செய்தது. கோத்தகிரியில் வாடகைக்கு இருந்துவிட்டுப் போன எவனோதான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

அதனால்தான் பழையது வேண்டும் என்கிறேன். நாலு கம்ப்யூட்டர், அவற்றை இணைக்க ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச், நாலு ஒயர், முடிந்தது கதை. என்னிடம் ஒரிஜினல் சிடியே இருந்தது. இருபது வருட மலை ஈரத்தில் அதன் மேல் பூஞ்சை படர்ந்து இப்போது கண்ணாடிக் கோலம் போட்டிருக்கிறது. துடைத்து எடுத்தாலும் லேப்டாப்பில் சிடி போடும் வாயே இல்லை. வாய் இருந்தாலும் விண்டோஸ் 10 விடாது. சிடி அசல்தானா என்று பார்க்கிற சேஃப்டிஸ்க் என்ற பழைய காவல்காரனை விண்டோஸ் 10 உள்ளேயே சேர்ப்பதில்லை. அவன் வந்து சரி சொல்லாமல் கேமும் திறக்காது. அதையும் ஏதோ செய்து தாண்டினால், லேனில், அதாவது இப்படி ஒயரால் இணைத்து, ஆட டைரக்ட்பிளே என்ற விண்டோஸ் துணுக்கு வேண்டும், அதை விண்டோஸ் தானாகத் தராது, செட்டிங்ஸுக்குள் தோண்டி எடுத்து நாமே ஆன் செய்ய வேண்டும். அப்புறம் அந்த நிறக் கோளாறு, மறந்திருக்க மாட்டீர்கள். விண்டோஸ் 7 காலத்தில் புல்வெளியெல்லாம் ஊதாவாகிவிடும். 12 வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி என் மானிட்டரில் தினமும் பூத்தது. டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரைக் கொன்றுவிட்டு ஆடினால்தான் புல் பச்சைக்குத் திரும்பும்.

யாரிடம் போய் முறையிடுவது? இதை உருவாக்கிய என்செம்பிள் ஸ்டுடியோஸை 2009-லேயே இழுத்து மூடிவிட்டார்கள்.

"அப்ப ரெட் அலர்ட் 2 ஆடலாமா மச்சான்?" என்கிறான் சித்தப்பா மருமகன், ஏதோ புதுவழி கண்டுபிடித்தவனைப் போல. அதுவும் ஒரு பழைய போர் கேம்தான். அது லேனில் பேசும் ஐபிஎக்ஸ் மொழியை விண்டோஸ் விஸ்டாவிலேயே தூக்கிவிட்டார்கள். சொன்னேன். "ஓ" என்றான். சின்ன வயதில் இந்த கேமில் என் டவுன் சென்டர் வாசலிலிருந்து ஆடு திருடியவன் இவன். அதை நான் மறக்கவில்லை.

நடந்ததையெல்லாம் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் எழுதினேன். இவ்வளவு நீளம். ஷார்ட்கட்டின் ஸ்கிரீன்ஷாட்டோடு. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் திருப்பூர் தம்பி "11" என்று போட்டான். சித்தப்பா மருமகன் "11". பெங்களூரில் இருக்கிறவன் "11 11 11". ஆடியவர்களுக்குத் தெரியும், 11 அடித்தால் ஒரு தடியன் சிரிப்பான். பெரியம்மா அது என்னவென்று தெரியாமலேயே பூ பொம்மையோடு "11 வாழ்த்துக்கள்" என்று போட்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்ய.

ஆனால் இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்த பென் டிரைவை வாங்கிக்கொண்டு திரும்பும்போது தொட்டபெட்டா ஜங்ஷனில் பஸ் நகரவே இல்லை. முன்னால் டூரிஸ்ட் கார்கள், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ரோட்டு நடுவில் ரீல்ஸ். நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுத்து வருகிறார்கள், அந்த பாஸிலேயே "ரோடு நடக்கிறவர்களுக்கும் உரியது" என்று ஒரு வரி அச்சடித்தால் என்ன? பசி வேறு. பையிலிருந்த வர்க்கி பாக்கெட்டைப் பிரித்தேன். வர்க்கி என்றால் கடித்தால் நொறுங்க வேண்டும், அடுக்கடுக்காக உதிர வேண்டும், சட்டையெல்லாம் தூளாக வேண்டும். இது வளைகிறது! மேலே சாக்லேட் வேறு ஊற்றி வைத்திருக்கிறார்கள். வர்க்கிக்கு சாக்லேட் வேண்டும் என்று யாரய்யா கேட்டது? டீயில் முக்குவதற்கென்றே பிறந்த பண்டத்துக்கு மேல் சாக்லேட்டைப் பூசினால் டீ என்னத்துக்கு ஆகும்?