போர்டுக்குப் பின்னால் நனையும் சுவர்

திருநெல்வேலி டவுன் ரத வீதிகளில் நடக்கும்போது கடை மட்டத்தை விட்டுக் கண்ணைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பாருங்க. ஃபிளெக்ஸ் போர்டுக்கும் அலுமினியத் தகடு ஒட்டிய ஏசிபி ஷீட்டுக்கும் தப்பிய பழைய மாடிக்கடைகளில் இன்னும் சுதை வேலை இருக்கிறது. அரைத்தூண், வளைவு, பூங்கொடி, கைப்பிடிச்சுவரின் நடு நெற்றியில் கட்டிய ஆண்டு. அந்த ஆண்டு 1100 என்பதுபோல இருந்தால் குழம்ப வேண்டாம், கொல்லம் ஆண்டுக் கணக்கு அது. நம்ம பக்கம் ஆவணியில் பிறக்கும் என்பதால் மாதத்தைப் பொறுத்து 824 அல்லது 825 கூட்டணும். 1100 என்றால் 1924–25.

வெறும் அலங்காரம்தானே என்றுதான் இதையெல்லாம் மூடுகிறோம். என் கட்சி வேறு. அந்த முகப்பில் பாதி, மழைத்தண்ணிக்காகச் செய்த வேலை.

கார்னிஸையே, அதாவது சுவரின் மேல்பக்கம் துருத்தி ஓடும் பட்டையையே எடுத்துக்குங்க. செங்கலை வரிசைக்கு வரிசை கொஞ்சம் வெளியே தள்ளிக் கட்டி, மேலே சுண்ணாம்புச் சாந்து அப்பி, அச்சுப் பலகையைச் சட்டத்தின்மேல் ஓட்டி இழுத்து எடுத்த உருவம் அது. மேல்புறம் வெளிப்பக்கமாகச் சரியும். அடிப்பக்க ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். வழிந்து வரும் தண்ணி அந்த வெட்டைத் தாண்டிச் சுவருக்குப் போக முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். ஜன்னல் வளைவுக்கு மேலே இருக்கும் புருவப் பட்டையும் இதே வேலையைத்தான் பார்க்கிறது.

இப்போ போர்டு மாட்டுகிறவர் என்ன செய்கிறார்? பிரேம் நேராக நிற்கணும், கார்னிஸ் துருத்திக்கிட்டு இருக்கு என்று அதைக் கொத்தி எடுக்கிறார். மிச்சத்தில் டிரில் போட்டு ஆங்கர் போல்ட் இறக்குகிறார். ஆங்கர் விரிந்து பிடிக்கக் கெட்டியான கான்கிரீட் வேணும். சுண்ணாம்புக் கட்டுச் சுவரில் அது செங்கலையே பிளந்துகொண்டு உட்காரும். ஷீட்டின் மேல் விளிம்பு வழியாக இறங்குகிற தண்ணிக்கு வெளியேற வழியும் கிடையாது, காய வெயிலும் கிடையாது. போல்ட் துருப்பிடித்துப் பருத்து, சுற்றியுள்ள காரையைத் தள்ளும். அந்த ஈரத்தில் ஒரு அரசங்கன்று முளைத்தால், ஷீட்டைத் தாண்டி இலை வந்த பிறகுதான் நமக்குத் தெரியும். அதற்குள் வேர் செங்கல் இடுக்கில் இறங்கியிருக்கும். மேலோடு வெட்டினால் திரும்பத் துளிர்க்கும். காரையைப் பெயர்த்து வேரோடு எடுத்துத்தான் ஆகணும். 2023 டிசம்பர் 17, 18இல் கொட்டியது போன்ற மழைக்கு இப்படிப்பட்ட சுவர் எத்தனை முறை தாங்கும்?

அடுத்த தப்பு, உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசுவது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். உப்பு உள்ளேயே பூத்து, கொஞ்ச நாளில் சிமெண்ட் பழைய காரையையும் சேர்த்துப் பாளமாக உரித்துக்கொண்டு விழும். அதைப் பார்த்துவிட்டு, பழைய சுவருக்குச் சத்து இல்லை என்று சொல்வது அநியாயம்.

சுண்ணாம்பிலேயே பூசுங்க. நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்தது பதினைந்து நாள் தண்ணிக்குள் ஊறப் போடணும், கூட ஊறினால் இன்னும் நல்லது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த மணல். கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டித் தண்ணியும் சேர்ப்பது பழைய வழக்கம். ஒரே பூச்சாகத் தடிமனாக அப்பினால் வெடிக்கும். முதல் பூச்சு 12 மி.மீ., அது இறுகிய பிறகு 3 மி.மீ. நைஸ் பூச்சு. ஒரு வாரம், பத்து நாளாவது ஈரச் சாக்குத் தொங்கணும். ஆனி, ஆடிக் காற்றில் இந்த வேலையே வேண்டாம், மேல்தோல் காய்ந்து மயிரிழை விரிசல் விடும். தை, மாசி சரியான காலம்.

மேலே கட்டைக்குத்து மட்டப்பாவா, அதாவது தேக்குக் கட்டைமேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பும் தட்டோடும் போட்ட மொட்டை மாடியா? ஒழுகுது என்று கான்கிரீட் போட்டுவிடாதீங்க. பத்துக்குப் பத்தடி இடத்தில் மூன்று அங்குலம் போட்டாலே சுமார் 1,700 கிலோ. அத்தனையும் தேக்குக் கட்டை தலையில்தான். கட்டை நடுவில் அவ்வளவு சீக்கிரம் கெடாது, சுவருக்குள் நுழைகிற முனைதான் மக்கும். ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பல இடங்களில் தட்டோட்டு இடுக்கைச் சுரண்டி, சுண்ணாம்பும் செங்கல் தூளும் குழைத்து அடைத்தாலே ஒழுகல் நிற்கும்.

போர்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. யாவாரம்னா பேர் தெரியத்தான் வேணும். ஷட்டருக்கும் முதல் மாடிக்கும் நடுவே இருக்கும் வெறும் பட்டையில் மாட்டுங்க, சுவரை விட்டு நாலு அங்குலம் இடைவெளி விட்டு, மேலும் கீழும் திறந்து. கார்னிஸிலும் அரைத்தூணிலும் துளை போடக்கூடாது, காலி செய்யும்போது போல்ட்டை எடுத்துச் சுண்ணாம்பு வைத்து அடைத்துத் தரணும் என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதுங்க. கடைக்காரர் மாறும்போதெல்லாம் புதுப் பிரேம், புதுத் துளை. அந்தச் செலவு கடைசியில் கட்டட உரிமையாளர் தலையில்தான் விழுது. அட்வான்ஸ் வாங்கும் அன்றைக்கே பேசி முடிக்க வேண்டிய விஷயம் இது.